இலவச முகவர் அல்லர், தன்வய ஆட்டக்காரர்

அமெரிக்கக் கால்பந்துச் செய்திகளைத் தமிழில் தருவோர், மார்ச்சு மாதம் வந்தால் 'ஃப்ரீ ஏஜென்ட்' என்பதை 'இலவச முகவர்' என்றோ 'சுதந்திர முகவர்' என்றோ எழுதிவிடுகின்றனர். இவற்றைப் படிப்பவருக்கு அங்கே பேசப்படுபவர் ஓர் ஆட்டக்காரர் என்பதே தெரியாது.

'ஃப்ரீ ஏஜென்ட்' என்பவர், ஒப்பந்தக் காலம் முடிந்து, தாம் விரும்பும் அணியோடு பேசிச் சேரக்கூடியவர். 'செய்தல்' என்று பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து வந்த 'ஏஜென்ட்' இங்கே செய்பவரையே குறிக்கிறது. நம் இலக்கணம் வினைமுதல் என்பது அதைத்தான். தன் விருப்பத்தால் செயற்படுபவர் என்னும் மெய்யியல் வழக்கே விளையாட்டுக்கு வந்து சேர்ந்தது.

முகவரோ பிறர் சார்பில் செயற்படுபவர். ஆகவே அச்சொல் பொருளை நேர் எதிராகத் திருப்பிவிடுகிறது. அதோடு, ஆட்டக்காரருக்காக ஊதியம் பேசும் உண்மையான முகவர் ஒருவரும் இருக்கிறார். 'சுதந்திர முகவரின் முகவர்' என்று எழுத நேரும்போதாவது மொழிபெயர்ப்பாளர் நின்று யோசித்திருக்க வேண்டும். 'இலவசம்' இன்னும் பெரிய பிழை. 2024-இல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணி, ஒப்பந்தம் முடிந்திருந்த ஆட்டக்காரர் சேக்குவான் பார்க்லியை மூன்றாண்டுகளுக்கு ஏறத்தாழ 3.8 கோடி டாலருக்கு எடுத்தது. அவரை இலவசம் என்பது எவ்வகையில் பொருந்தும்?

சிலர் 'விடுவிக்கப்பட்ட வீரர்' என்கின்றனர். ஐ.பி.எல். செய்திகளால் 'தக்கவைத்தல்', 'விடுவித்தல்' ஆகிய இரண்டும் நமக்குப் பழகிவிட்டன. தக்கவைத்தல் நல்ல சொல், இங்கும் பொருந்தும். ஆனால் விடுவிப்பது அணியின் செயல். அமெரிக்காவில் ஒப்பந்தம் முடியுமுன் அணியே நீக்கிவிடுவதற்கே அது தகும். ஒப்பந்தம் முடிந்தவரை யாரும் விடுவிப்பதில்லை, முடிவு அவருடையது. அந்த உரிமையும் எளிதில் கிடைத்ததன்று. 1989 முதல் 1992 வரை ஒவ்வோர் அணியும் 37 ஆட்டக்காரர்களைக் காப்புப் பட்டியலில் வைத்து, ஒப்பந்தம் முடிந்த பின்னும் பிடித்துக்கொள்ள முடிந்தது. ஆட்டக்காரர்கள் நீதிமன்றம் சென்று வென்ற பிறகே, 1993-இல், ரெஜி ஒயிட் என்னும் ஆட்டக்காரர் ஈகிள்ஸ் அணியை விட்டுத் தாமே தேர்ந்து கிரீன் பே பேக்கர்ஸ் அணிக்குப் போனார்.

எனவே 'தன்வய ஆட்டக்காரர்' என்பதே தக்கது என்பேன். தன்வயத்தன் ஆதல் என்பதை இறைவனின் எண்குணங்களுள் முதலாவதாகப் பரிமேலழகர் வைத்தார். பிறர் வயப்படாமல் தன் வயத்தில் நிற்றல் என்னும் பொருள் அதில் தெளிவாக இருக்கிறது. 'கட்டற்ற ஆட்டக்காரர்' பிழையன்று. ஆயினும் களத்தில் ஒழுங்கின்றி ஆடுபவர் என்றும் கொள்ள இடம் தருவதால் அதை நான் விரும்பவில்லை. மூன்று பருவங்கள் மட்டும் ஆடியவருக்குப் பிற அணி தர முன்வரும் தொகையைப் பழைய அணி தானும் தந்து நிறுத்திக்கொள்ள வழியுண்டு. அவரை 'வரம்புடைய தன்வய ஆட்டக்காரர்' எனலாம்.

தன்வயமாகப் போகும் ஒருவரை ஓராண்டு மறித்து வைக்க அணிக்கு உள்ள கருவி 'ஃபிரான்சைஸ் டேக்'. களத்தில் அவர் ஆடும் இடத்துக்குரிய ஆட்டக்காரர்கள் பெறும் மிக உயர்ந்த ஊதியங்களை ஒட்டிக் கணக்கிட்ட தொகையைக் கொடுத்து அவரைத் தக்கவைப்பது அது. பார்க்லி மீது 2023-இல் நியூயார்க் ஜெயன்ட்ஸ் அணி அதைப் பயன்படுத்தியது. மறு ஆண்டு வேண்டாமென விட்டது. அவர் ஈகிள்ஸ் அணிக்குப் போய் அந்தப் பருவத்திலேயே பந்தை ஏந்தி 2,005 கெஜம் ஓடினார். இந்தக் கருவியை 'குறிச்சொல்' என்று மொழிபெயர்த்திருப்பதையும் கண்டேன். குறிச்சொல் இணையக் கட்டுரைகளுக்கு இடுவது. அது யாரையும் மறிக்காது. 'அணியுரிமை முத்திரை' என்று எழுதினால், முத்திரை இட்டவர் யார், அதனால் கட்டுண்டவர் யார் என்பது படிப்பவருக்கு உடனே விளங்கும்.