ஓட்டிப் பார்க்காமலே ஒரு நிரலைப் பற்றி என்ன சொல்ல முடியும்?

347ஐ 268ஆல் பெருக்கினால் 92,995 வரும் என்று ஒரு மாணவர் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விடைத்தாளைத் திருத்தும் ஆசிரியர் பெருக்கலை முழுதாகச் செய்து பார்ப்பதில்லை. ஏழெட்டு ஐம்பத்தாறு, ஆகவே விடை 6இல் முடிய வேண்டும். இது 5இல் முடிகிறது என்று சுழித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார். அவருக்குச் சரியான விடை தெரியாது. விடை எந்தக் கூட்டத்துக்குள் இருந்தாக வேண்டும் என்பது மட்டும் தெரியும்: 6இல் முடியும் எண்களின் கூட்டம். அதற்கு வெளியே இருப்பது நிச்சயமாக விடை அல்ல. உள்ளே இருப்பது விடையாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். மாணவர் 92,986 என்று எழுதியிருந்தால் இந்தச் சோதனையில் தப்பித்திருப்பார், ஏனெனில் சரியான விடை 92,996.

மென்பொருள் பொறியியலின் முதுநிலை வகுப்புகளில் கற்பிக்கப்படும் நிரல் பகுப்பாய்வு என்ற பாடத்தின் பெரும்பகுதி, வேண்டுமென்றே எதை மறந்துவிட்டுக் கணக்குப் போடலாம் என்ற இந்த ஒரே கேள்வியைச் சுற்றியே நடக்கிறது.

எதையும் மறக்காமல் துல்லியமாகவே கணக்கிட்டால் என்ன என்று தோன்றுவது இயல்பு. அந்த வழி வெகுகாலத்துக்கு முன்பே அடைபட்டுவிட்டது. எந்த நிரலைக் கொடுத்தாலும் அது எப்போதாவது நிற்குமா, நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்குமா என்று தவறாமல் சொல்லும் பொதுவழிமுறை இருக்க முடியாது என்பதை ஆலன் டூரிங் 1936இல் நிறுவினார். நிரல்களின் நடத்தை பற்றிய ஏறத்தாழ எல்லாக் கேள்விகளுக்கும் அதே கதிதான் என்பதை ஹென்றி ரைஸ் 1953இல் வெளியிட்ட தேற்றம் காட்டியது. ஆகவே பகுப்பாய்வுக் கருவி எழுதுபவர் தோராயத்தைத் தவிர்க்க முடியாது. அந்தத் தோராயம் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதை மட்டுமே தேர்ந்துகொள்ள முடியும்.

வகுப்பில் முதலில் செய்யும் பயிற்சி மிக எளியது. மாறிகளின் மதிப்புகளை மறந்துவிட்டு மிகை, குறை, சுழி என்ற குறிகளை மட்டும் வைத்துக்கொண்டு நிரலை வரிவரியாக நடத்திப் பார்க்க வேண்டும். குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் மிகை, அதில் ஐயமில்லை. மிகையும் குறையும் கூடினால் எதுவும் வரலாம், அங்கே கருவி கைவிரித்துவிடும். மாறிகளுக்குக் குறிகளைவிடக் கூடுதலான விவரம் வேண்டுமென்றால், ஒவ்வொரு மாறிக்கும் அது எடுக்கக்கூடிய மீச்சிறு மதிப்பையும் மீப்பெரு மதிப்பையும் கொண்ட ஓர் இடைவெளியைப் பின்தொடரலாம். கருத்துருவின் சுவை தெரிவது இங்கேதான்.

ஒரு மாறி 0இல் தொடங்குகிறது. அது 100க்குக் குறைவாக இருக்கும்வரை ஒரு மடக்கு, அதாவது ஒரே வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் பகுதி, அதனுடன் 1 கூட்டிக்கொண்டே போகிறது. மடக்கின் உள்ளே 100 அறைகள் கொண்ட ஓர் அணியை (வரிசையாக எண்ணிடப்பட்ட நினைவக அறைகளை) அந்த மாறியின் எண்ணால் தொடுகிறோம் என்று கொள்வோம். மடக்கின் வாசலில் மாறியின் இடைவெளி முதலில் 0 முதல் 0 வரை. ஒரு சுற்றுக்குப் பின் 0 முதல் 1 வரை. அடுத்து 0 முதல் 2 வரை. இப்படியே போனால் பகுப்பாய்வும் நிரல் போலவே நூறு சுற்றுச் சுற்ற வேண்டியிருக்கும்; எல்லை நூறாக இல்லாமல் நூறு கோடியாக இருந்தாலோ பகுப்பாய்வு செய்வதில் பயனே இல்லை. 1977இல் பாத்ரிக் கூசோ, ராதியா கூசோ இருவரும் வெளியிட்ட அப்ஸ்ட்ராக்ட் இன்டர்பிரிட்டேஷன் என்ற கோட்பாடு இதற்கு ஒரு துணிச்சலான வழி தருகிறது. இடைவெளியின் ஒரு விளிம்பு சுற்றுக்குச் சுற்று நகர்வதைக் கண்டால், அது எங்கே நிற்கும் என்று காத்திராமல் அதை முடிவிலிக்கே தள்ளிவிடலாம். இதற்கு விரித்தல் என்று பெயர் வைக்கலாம். இப்போது மாறி 0 முதல் முடிவிலி வரை. இதற்கு மேல் விரிய இடமில்லாததால் கணக்கு நின்றுவிடுகிறது.

இழந்த துல்லியத்தின் ஒரு பகுதியை உடனே மீட்கவும் முடிகிறது. மடக்கின் உள்ளே நுழைய 100க்குக் குறைவாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருப்பதால், உள்ளே மாறி 0 முதல் 99 வரைதான். 1 கூட்டினால் 1 முதல் 100 வரை. தொடக்கத்து 0ஐயும் சேர்த்தால் வாசலில் 0 முதல் 100 வரை. வெளியேறும்போது 100 மட்டுமே மிஞ்சுகிறது. அணியின் அறைகள் 0 முதல் 99 வரை எண்ணப்படுவதால், நிரல் அணிக்கு வெளியே ஒருபோதும் கைவைக்காது என்பது நிரலை ஒருமுறையும் ஓட்டாமலே நிறுவப்பட்டுவிட்டது. இதன் அடியில் கிடக்கும் லாட்டிஸ் என்ற கணித அமைப்பைப் பலகையில் பார்த்து மாணவர்கள் மிரள்வதுண்டு. இந்த மடக்கை ஒருமுறை தாளில் போட்டுப் பார்த்தவருக்கு அந்த மிரட்சி வேண்டியதில்லை.

இடைவெளிகள் மறந்துவிடும் விஷயம் வேறொன்று. ஒரு மாறி 0 முதல் 10 வரை எதுவாகவும் இருக்கலாம். இன்னொரு மாறியில் அதையே நகலெடுக்கிறோம். இரண்டின் வித்தியாசம் எப்போதும் 0. அதனுடன் 1 கூட்டினால் எப்போதும் 1. இடைவெளிக் கணக்கோ வித்தியாசம் −10 முதல் 10 வரை என்றும், 1 கூட்டியபின் −9 முதல் 11 வரை என்றும் சொல்லும். அந்த எண்ணால் வகுக்கும் வரியைக் கண்டதும், சுழியால் வகுக்கும் அபாயம் என்று கருவி கூச்சலிடும். இது பொய் எச்சரிக்கை. ஒவ்வொரு மாறியையும் தனித்தனியே பார்த்ததில் அவற்றுக்கு இடையேயான உறவு தொலைந்துவிட்டது. உறவுகளையும் சேர்த்து நினைவில் வைக்கும் பகுப்பாய்வுகள் உண்டு, ஆனால் அவற்றுக்கு நேரமும் நினைவகமும் அதிகம் செலவாகும். பாரிஸின் எக்கோல் நார்மல் சுப்பீரியரில் உருவான ஆஸ்ட்ரே என்ற கருவி, விமானக் கட்டுப்பாட்டு நிரல்களுக்கென்றே இத்தகைய நினைவுகளைப் பொறுக்கியெடுத்துச் சேர்த்தது. 2003 நவம்பரில் ஏர்பஸ் ஏ340 விமானத்தின் முதன்மைப் பறத்தல் கட்டுப்பாட்டு நிரலின் 1,32,000 வரி சி மொழிக் குறியை, ஒரு சாதாரணக் கணினியில் 1 மணி 20 நிமிடத்தில் ஆராய்ந்து, அதில் சுழியால் வகுப்பது போன்ற ஓட்டநேரப் பிழை எதுவும் நிகழாது என்று தானாகவே நிறுவியது.

பொய் எச்சரிக்கை எழுப்பாமல், ஆனால் பிழைகளைத் தவறவிடக்கூடிய எதிர்ப்பக்கம் சாயும் முறைகளும் அதே பாடத்தில் வருகின்றன. 1988இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பார்ட்டன் மில்லர் தம் முதுநிலை மாணவர்களுக்கு ஒரு செயல்திட்டம் கொடுத்தார்: யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் பயன்பாட்டு நிரல்களுக்குத் தாறுமாறான எழுத்துகளை ஊட்டி, எவை உடைகின்றன என்று பாருங்கள். மழைப்புயல் இரவொன்றில் தொலைபேசி இணைப்பில் புகுந்த இரைச்சல் தம் நிரல்களைக் கவிழ்த்ததிலிருந்து அவருக்கு இந்த எண்ணம் வந்தது. 1990இல் வெளியான முடிவின்படி, சோதித்த யூனிக்ஸ் பதிப்பு எதுவானாலும் 25 முதல் 33 விழுக்காடு நிரல்கள் உடைந்தன. ஃபஸ்ஸிங் எனப்படும் இம்முறையில் பொய் எச்சரிக்கை என்ற பேச்சே இல்லை, உடைந்தது உடைந்ததுதான். ஆனால் உடையவில்லை என்பதற்கு எந்த அர்த்தமும் இல்லை. ஒரு 32 பிட் எண்ணை மூன்றால் பெருக்கி 7 கூட்டினால் 1000 வரும்போது மட்டும் உடையும் நிரலைத் தற்செயல் உள்ளீடு கண்டுபிடிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 429 கோடியில் ஒன்று. ஜேம்ஸ் கிங் 1976இல் விளக்கிய குறியீட்டு இயக்கம், உள்ளீட்டை x போன்ற ஓர் அறியாக்கணியமாகவே வைத்து நிரலை நடத்தி, அந்தச் சமன்பாட்டைத் தீர்த்து 331 என்ற விடையை நேரே எடுத்துக் கொடுத்துவிடும். அதன் துன்பம் கிளைகள்: ஒன்றையொன்று சாராத 30 நிபந்தனைகள் அடுத்தடுத்து வந்தால் 107 கோடிக்கும் மேற்பட்ட பாதைகள்.

எச்சரிக்கை எழுந்தபின் அது பொய்யா மெய்யா என்று தீர்ப்பது மனிதர் கையில்தான் இருக்கிறது. பாடத்தின் கடினமான பகுதி இதுதான் என்பது என் கருத்து. 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து கிளம்பிய அரியான் 5 ராக்கெட், பறத்தல் வரிசை தொடங்கிய ஏறத்தாழ 40 விநாடிகளில், சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் சிதறியது. கிடைமட்டத் திசைவேகத்தோடு தொடர்புடைய ஒரு 64 பிட் தசம எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றியபோது அது, அதில் அடங்கக்கூடிய மீப்பெரு மதிப்பான 32,767ஐத் தாண்டிவிட்டது. எல்லை தெரியாத மதிப்பொன்று அப்படி மாற்றப்படும் வரியில் இடைவெளிப் பகுப்பாய்வு கட்டாயம் எச்சரிக்கும். ஆனால் அந்த வரியை மனிதர்கள் கவனிக்காமலும் இல்லை. ஆபத்துக்குரிய ஏழு மாறிகளில் நான்கிற்குப் பாதுகாப்பு எழுதிவிட்டு, கணினியின் பளுவைக் கருதி மூன்றை அப்படியே விட்டார்கள். அவற்றின் மதிப்பு இயற்பியல் காரணங்களால் கட்டுக்குள் இருக்கும், அல்லது எல்லையிலிருந்து வெகுதூரம் தள்ளி நிற்கும் என்று கணித்திருந்தார்கள். முந்தைய ராக்கெட்டான அரியான் 4இன் பாதைக்கு அது பொருந்தியது. அரியான் 5இன் கிடைமட்டத் திசைவேகம் ஐந்து மடங்கு விரைவாக ஏறியது. மூன்றை விட்டதற்கான நியாயம் எதுவும் நிரலின் மூலக் குறியில் நேரடியாகக் காணப்படவில்லை என்று விசாரணைக் குழு பதிவு செய்தது.