மில்க் டின்னிலிருந்து எடுத்த போல்ட்டு

மலேசியாவில் எங்கள் ஊருக்கு பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறி வருடங்கள் ஆகிவிட்டன. என் மாமாவுக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். சுபாங்கில் விமானப் பழுதுபார்ப்பு ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வரும் நாட்களில் அவருடைய மோட்டார் பெங்கெலில், அதாவது பட்டறையில், கொஞ்ச நேரம் உட்காருவேன். போன வாரம் ஒரு பையன் கப்சாயை, சின்ன மோட்டார் சைக்கிளை, தள்ளிக்கொண்டு வந்தான். என்ஜின் கவரில் ஒரு போல்ட்டு மரை தேய்ந்து போயிருந்தது. மாமா அதைக் கழற்றினார், மில்க் டின்னுக்குள் கையை விட்டுத் துழாவி இன்னொன்றை எடுத்தார், இரண்டையும் விரலிடுக்கில் ஒட்டிவைத்துப் பார்த்தார். "சரி, இதேதான்." மூன்று வெள்ளி வாங்கிக்கொண்டார்.

கப்சாய்க்கு அது போதும். ஆனால் இதே கைவேலையை ஒருவர் விமானத்தில் செய்தார்.

1990-இல், பர்மிங்ஹாமில் ஓர் இரவு ஷிப்ட். ஆள் பற்றாக்குறை. பிரிட்டிஷ் ஏர்வேஸ் பிஏசி 1-11 விமானத்தின் முன்கண்ணாடியை ஷிப்ட் மேனேஜரே மாற்றினார். மொத்தம் 90 போல்ட்டுகள். கழற்றிய பழையதை வைத்து அதே மாதிரி தேடினார். அந்தக் கண்ணாடிக்கு எந்த எண் போல்ட்டு என்று ஸ்டோர்காரர் சரியாகவே சொன்னார். மேனேஜர் அதைக் காதில் வாங்கவில்லை, பாகப் பட்டியலையும் புரட்டவில்லை. வெளிச்சம் குறைந்த வேறொரு ஸ்டோரில் கண்ணால் ஒப்பிட்டு எடுத்துவந்தார். 84 போல்ட்டுகள் 0.026 அங்குலம் ஒல்லி, அதாவது முக்கால் மில்லிமீட்டர்கூடக் கிடையாது. மீதி ஆறு நீளத்தில் குட்டை. ஜூன் 10 காலை, 17,300 அடி உயரத்தில் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. கேப்டனின் பாதி உடல் வெளியே. கேபின் ஊழியர்கள் அவரைப் பிடித்துக்கொண்டே இருக்க, துணை விமானி சவுத்ஹாம்டனில் இறக்கினார். கேப்டன் உட்பட எல்லோரும் பிழைத்தார்கள்.

என்னை உறுத்துவது இன்னொரு விஷயம். அவர் கழற்றிய பழைய போல்ட்டுகளே பெரும்பாலும் தப்பான அளவு. யாரோ எப்போதோ போட்ட தப்பை மாதிரியாக வைத்துத்தான் அவர் தேடியிருக்கிறார். கழற்றிய பாகம் எதற்கும் அத்தாட்சி இல்லை. பார்ட் நம்பர், அந்த விமானத்துக்கு அது பொருந்துமா என்ற பட்டியல், கூடவே வந்த சான்றிதழ், இவைதான் அத்தாட்சி.

இதெல்லாம் தெரிந்தவன்தான் நானும். லைசென்ஸ் வந்த புதிதில் ஒரு விடியற்காலை, புறப்பட வேண்டிய விமானத்தில் ஒரு வால்வு பழுது. ஸ்டோரில் இல்லை. ஹேங்கரில் வேறு வேலைக்காக நின்ற விமானத்திலிருந்து எடுக்க அனுமதி வாங்கினோம். இப்படி எடுப்பதை 'ராபரி' என்றே சொல்வோம். எடுத்தேன், மாட்டினேன், சோதித்தேன், மாட்டிய விமானத்துக்குக் கையெழுத்தும் போட்டேன். வால்வைக் கொடுத்த விமானத்தின் லாகில், அதாவது பதிவேட்டில், 'வால்வு இல்லை' என்று எழுதும் வேலை மட்டும் பாக்கி. அப்புறம் எழுதலாம் என்று தேத்தண்ணி குடிக்கப் போனேன். ஷிப்ட் முடிந்து வீட்டுக்கும் போய்விட்டேன்.

கூட இருந்த மெக்கானிக் நல்ல எண்ணத்தில் ஓட்டையைப் பிளாஸ்டிக்கால் மூடி வைத்திருந்தார். அதுதான் இன்னும் மோசம், பார்வைக்கு எல்லாம் முடிந்த மாதிரி இருந்தது. இரண்டு நாள் கழித்து அங்கே வேலை செய்த மூத்த அண்ணன் ஒருவர் போன் செய்தார். "தம்பி, வால்வு எங்க?" வேறொன்றும் கேட்கவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

1991 செப்டம்பர் 11 அன்று டெக்சாஸில் கான்டினென்டல் எக்ஸ்பிரஸ் விமானத்துக்கு அப்படிக் கேட்க ஆள் இல்லை. முந்தைய இரவு வால் இறக்கையின் முன்விளிம்பில் 47 திருகுகளைக் கழற்றியிருந்தார்கள். அந்த வேலை அடுத்த ஷிப்டுக்கு முறையாகப் போய்ச் சேரவில்லை. விமானம் அப்படியே கிளம்பி, பறக்கும்போதே உடைந்து, இருந்த 14 பேரும் இறந்தார்கள்.

என் வால்வு விஷயத்தில் விசாரணை முடியும்வரை நான் கையெழுத்துப் போடக்கூடாது என்றார்கள். அப்பாவிடம் சொன்னேன். அவர் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பாலெடுத்தவர். "செக்ரோல்ல பேர் விழலன்னா அன்னைக்கு நீ வேலைக்கே வரலடா," என்றார். விடியக்காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், தோட்டத்துக் கணக்கரான கிராணி அந்த வருகைப் பதிவேட்டில் பேர் எழுதுவதை எட்டிப் பார்த்த பிறகுதான் கத்தியோடு மர நிரைக்குப் போவாராம்.

இப்போதெல்லாம் ஸ்பேனரைத் தொடும் முன் இரண்டு விமானத்தின் லாகையும் திறந்து எழுதிவிடுவேன். சீரியல் நம்பரை பாகத்தைப் பார்த்துத்தான் எழுதுவேன், பழைய தாளிலிருந்து இறக்கமாட்டேன். விவரம் எழுதிய டேக் கட்டாத பாகத்தைப் புதுப் பையன்கள் நீட்டினால் கைநீட்டி வாங்குவதில்லை. போன மாதம் ஒருவன் முறைத்துக்கொண்டே திரும்பிப் போனான். டேக்கோடு வந்தான். சீரியல் நம்பரில் ஒரு எண் தப்பு. மறுபடி அனுப்பினேன்.