வாத்துதான் துப்பாக்கியைச் சுடுகிறது

காசிமேட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பரணில் கிடந்த தம் சிறுவயது டிவி கேம் பெட்டியை இறக்கித் துடைத்து, மகனுக்காகப் புது எல்.இ.டி. டிவியில் மாட்டினாராம். மாரியோ ஓடுகிறார், குதிக்கிறார், காளான் தின்கிறார். வாத்து சுடும் ஆட்டத்தில் மட்டும் பெட்டியோடு வந்த பொம்மைத் துப்பாக்கியால் எத்தனை முறை சுட்டாலும் ஒன்றுகூட விழவில்லை. துப்பாக்கி கெட்டுவிட்டதா?

அநேகமாக இல்லை. குற்றம் டிவி மேல்.

முதலில் கொஞ்சம் பழங்கதை. நிண்டெண்டோ நிறுவனம் 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம், 1985இல் வேறு உருவத்தில் அமெரிக்கா போனது. அந்தப் பெட்டிக்கான ஆட்டங்களில் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' 4 கோடிக்கு மேலும், வாத்து சுடும் 'டக் ஹண்ட்' சுமார் 2.8 கோடியும் விற்றன. இரண்டையும் ஒரே கேசட்டில் போட்டுப் பெட்டியுடனேயே கொடுத்ததற்கு இதில் பெரிய பங்கு உண்டு.  பர்மா பஜாரில் பேரம் பேசி நாம் வாங்கிய நகல் பெட்டிகள் எந்தக் கணக்கிலும் இல்லை.

இப்போது துப்பாக்கி. அதிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. குழாயின் உள்ளே ஒரு வில்லை, அதன் பின்னால் ஒளி பட்டால் மின்சாரம் கடத்தும் சின்ன உணரி, அவ்வளவுதான். அது துப்பாக்கி வடிவில் இருக்கும் ஒரு கண். விசையை இழுத்ததும் பெட்டி திரை முழுவதையும் ஒரு கணம் கறுப்பாக்குகிறது. அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கட்டம். கறுப்பில் இருட்டும் கட்டத்தில் வெளிச்சமும் கண்ணுக்குத் தெரிந்தால் குறி தப்பவில்லை. இரண்டு வாத்துகள் பறந்தால் கட்டங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். எந்தக் கட்டத்தின்போது வெளிச்சம் தெரிந்ததோ, அந்த வாத்துக்கு ஆயுள் முடிந்தது. இத்தனையும் நொடியில் இருபதில் ஒரு பங்குக்குள். நமக்குத் தெரிவது ஒரு சிமிட்டல்தான்.

ராயபுரத்தில் மணிக்கணக்குக்குக் காசு வாங்கி விளையாட விட்ட கடையில், துப்பாக்கியை டியூப்லைட் பக்கம் திருப்பிச் சுட்டால் எல்லா வாத்தும் விழும் என்று ஒரு நண்பன் சத்தியம் செய்தான். சுட்டோம். விழவில்லை. கறுப்புத் திரையின்போதும் வெளிச்சம் தெரிந்தால் அது ஏமாற்று என்று பெட்டிக்குத் தெரியும். அதைவிட அழகான காவல் துப்பாக்கிக்குள்ளேயே இருக்கிறது. அது எந்த வெளிச்சத்தையும் ஏற்காது. நொடிக்கு ஏறத்தாழ 15,000 முறை துடிக்கும் வெளிச்சத்தை மட்டுமே ஏற்கும். பழைய டிவியின் படக்குழாயில் எலக்ட்ரான் கற்றை வரி வரியாகக் கோலம் இழுப்பதுபோல் படம் வரைகிறது. கற்றை கடக்கும்போது ஒவ்வொரு புள்ளியும் பளிச்சிட்டு மங்கும். துப்பாக்கிக்கு வரிக்கு ஒரு துடிப்பு. அமெரிக்க டிவியில் நொடிக்கு 60 முறை, ஒவ்வொரு முறையும் 262½ வரிகள்: பெருக்கினால் 15,750. நம் ஊரில் 50 முறை, 312½ வரிகள்: 15,625. படத்தின் வேகம் வேறு, வரிகள் வேறு. பெருக்குத்தொகை மட்டும் கிட்டத்தட்ட ஒன்று! அமெரிக்க அளவுக்குச் செய்த துப்பாக்கி வண்ணாரப்பேட்டை வாத்தையும் வீழ்த்தும். பழைய சோக் போட்ட டியூப்லைட் துடிப்பதோ நொடிக்கு வெறும் 100 முறை. எங்கள் சத்தியம் அங்கேதான் பொய்த்தது.

எல்.இ.டி. டிவியில் கற்றை கிடையாது, அந்தத் துடிப்பும் கிடையாது. போதாக்குறைக்கு, வந்த படத்தை வாங்கி, அளவு மாற்றி, சற்றுத் தாமதித்தே காட்டுகிறது. வெள்ளைக் கட்டம் திரைக்கு வருவதற்குள் பெட்டி பதில் வராது என்று முடிவுகட்டியிருக்கும்.

கேசட்டை ஊதினால் சரியாகும் என்பதும் எங்கள் காலத்து மூடநம்பிக்கை. கழற்றி மீண்டும் செருகியதுதான் வேலை செய்தது. வாயின் ஈரம் செப்பு முனைகளைக் கெடுக்கத்தான் உதவும், கடல்காற்று போதாதென்று. ஃபேமிகாமை வடிவமைத்த மசாயுகி உயெமுரா, முன்பு ஷார்ப் நிறுவனத்துக்காக நிண்டெண்டோவிடம் ஒளிமின்கலம் விற்கப் போனவர். பொம்மைத் துப்பாக்கியில் ஒளி உணரியாகும் அந்த மின்கலமே அவரை நிண்டெண்டோவில் கொண்டுவந்து சேர்த்தது. ஸ்மார்ட் போர்டுக்கு லட்சங்கள் ஒதுக்கும் பள்ளிகள், இப்படி ஒரு ஒளித் துப்பாக்கியை மாணவர்களே செய்து பார்க்கச் சில நூறு ரூபாய் ஒதுக்கலாம்.

வாசகருக்கு: 2006க்குப் பிறகு அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குல வண்ண டிவி உங்கள் தெருவில் யார் வீட்டிலாவது ஓடும் நிலையில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பின்மூடியை மட்டும் கழற்றாதீர்கள். அணைத்த பிறகும் படக்குழாயில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். அறையில் பழைய சோக் டியூப்லைட் எரியட்டும், துப்பாக்கி அதைச் சட்டை செய்யாது.