காற்றைத் தின்ற கல்

ஏற்காடு மலைப்பாதையில் ஏறும்போது ஏதோ ஒரு கொண்டை ஊசி வளைவில் சேலம் முழுசாகக் கீழே விரியும். ஊருக்கும் மலைக்கும் நடுவே, மாமாங்கம், கருப்பூர், செட்டிச்சாவடிப் பக்கம், சில மேடுகள் மட்டும் வெளுத்துக் கிடக்கும். சுரங்கம் தோண்டாத இடத்தில்கூட முள்ளும் புதருமாகத்தான் இருக்கும். பச்சைப் பசேலென்ற மலைக்கு அடியில் இப்படியொரு குட்டிப் பாலை எப்படி வந்தது?

மலையும் மேடும் ஒரே கல் இல்லை. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை சார்னோக்கைட் என்ற கருங்கல்லால் ஆனது. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் உருவான கல் அது. உச்சியில் அதைக் காலங்காலமாக மழை அரித்து, சிலிக்காவைக் கரைத்துக்கொண்டுபோய், அலுமினியம் மிகுந்த பாக்சைட்டை மிச்சம் வைத்தது. மேட்டூர் அலுமினிய ஆலைக்கு அது இங்கிருந்து போனதெல்லாம் தனிக்கதை.

அடிவாரத்தில் இருப்பது டியூனைட். ஏறக்குறைய முழுக்க ஒலிவின் என்ற ஒரே கனிமம். மக்னீசியம், இரும்பு, சிலிக்கா மூன்றும் சேர்ந்தது. ஒலிவின் ஆழத்துச் சூட்டில் பிறந்தது, மேற்பரப்பின் ஈரமும் காற்றும் அதற்கு ஒத்துவராது. கார்பன் டை ஆக்சைடு கரைந்த நீர் லேசான அமிலம். அது விரிசல் வழியே இறங்கினால் ஒலிவினிலிருந்து மக்னீசியத்தைப் பிரித்தெடுத்து, கார்பனேட்டாக அங்கேயே படியவைக்கும். அதுதான் மக்னசைட், ஊரில் சொல்லும் வெள்ளைக்கல். அந்த கார்பன் டை ஆக்சைடு மழையோடு மேலிருந்து வந்ததா, பூமிக்கடியிலிருந்து வந்ததா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

சுரங்கச் சுவரைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் எல்லாம் புரியும். இரும்பு துருவேறிப் பழுப்பான பாறை. அதன் குறுக்கும் நெடுக்குமாக வெள்ளை நரம்புகள். சில விரல் தடிமன், சில அதைவிடப் பெரியவை. ஒரு துண்டை உடைத்தால் உள்ளே பீங்கான் மாதிரி வழவழவென்று இருக்கும், படிகம் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. நிறத்தைப் பார்த்துச் சுண்ணாம்புக்கல் என்று நினைத்தால், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம். சுண்ணாம்புக்கல் உடனே நுரைக்கும். மக்னசைட் சும்மா இருக்கும், அமிலத்தைச் சூடாக்கினால்தான் பொங்கும்.

செடி வளராததற்கும் இதே கல்தான் காரணம். டியூனைட் உதிர்ந்து வரும் மண்ணில் மக்னீசியம் அளவுக்கு மீறி இருக்கும், கால்சியம் குறைவு. போதாக்குறைக்கு நிக்கலும் குரோமியமும் வேறு. அதைத் தாங்கும் செடிகள்தான் அங்கே பிழைக்கும்.

எனக்கு இதில் பிடித்தது கணக்குதான். சுத்தமான மக்னசைட்டின் எடையில் பாதிக்குமேல், 52 சதவீதம், கார்பன் டை ஆக்சைடு. ஒரு கிலோ வெள்ளைக்கல் என்றால் அரைக்கிலோவுக்கு மேல் வாயு கல்லாக உறைந்திருக்கிறது. அதைச் சூளையில் சுட்டால் வாயு வெளியேறி மக்னீசியம் ஆக்சைடு மிஞ்சும். 2,800 டிகிரி வரை உருகாத பொருள் என்பதால் எஃகு உலைகளின் உட்சுவருக்கான செங்கல் அதில் செய்கிறார்கள். பாறை கட்டிப்போட்டதைச் சூளை சில மணி நேரத்தில் அவிழ்த்துவிடுகிறது.

இதே வேதிவினை இன்றும் நடந்துகொண்டிருக்கும் இடம் ஓமானின் ஹஜார் மலைத்தொடர். மஸ்கட்டில் வேலை பார்க்கும் நம்மூர்க்காரர்கள் தினமும் பார்க்கிற மொட்டைப் பாறைதான். சுமார் 9.5 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் உருவான தரையும் அதன் கீழிருந்த பெரிடோடைட் என்ற ஒலிவின் பாறையும் அரேபிய நிலத்தின் விளிம்பில் ஏறி உட்கார்ந்துவிட்டன. அங்குள்ள கார்பனேட் நரம்புகள் பழையவை என்றே வெகுநாள் நினைத்தார்கள். வயதை அளந்தபோது பெரும்பாலானவை 50,000 ஆண்டுக்குள்! அங்கே சில ஊற்றுகளில் தண்ணீர் சோப்புநீரைவிட அதிகக் காரத்தன்மையோடு (அமிலத்துக்கு நேரெதிர்) வெளிவருகிறது. காற்று பட்டதும் அதன்மேல் வெள்ளை ஏடு படர்கிறது.

ஓமானில் 44.01 என்ற நிறுவனம் (கார்பன் டை ஆக்சைடின் மூலக்கூறு எடைதான் பெயர்) அந்த வாயுவை நீரில் கரைத்து இந்தப் பாறைக்குள் செலுத்துகிறது. 2022ல் அதற்குச் சுற்றுச்சூழல் முயற்சிகளுக்கான எர்த்ஷாட் பரிசு கிடைத்தது. சேலத்திலும் செய்யலாமே என்று தோன்றும். ஆனால் ஓமானில் அந்தப் பாறைத்தொகுதி ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. நம்முடையது ஒரு சைக்கிளில் சுற்றி வந்துவிடக்கூடிய அளவுதான், அதிலும் ஒரு பங்கு ஏற்கனவே வெள்ளைக்கல்லாகிவிட்டது.