தொப்புளில் தொடங்காத வலி

“குடல்வால் அழற்சி என்று சொல்லித்தான் என்னை மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஸ்கேன் பார்த்த பிறகு, குடல்வால் நன்றாக இருக்கிறது, பக்கத்தில் ஒரு சிறு பைதான் வீங்கியிருக்கிறது என்றார்கள். அறுவை சிகிச்சை செய்யாமலே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இது சரியா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். சரிதான். ஏன் என்று பார்ப்போம்.

சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தில், அடிவயிற்றின் வலப்பக்கம், சீக்கம் என்ற அகன்ற பை இருக்கிறது. குடல்வால் தொங்குவது அதிலிருந்துதான். சீக்கத்தின் சுவரே சில சமயம் வெளிப்புறமாகச் சிறு பையாகப் பிதுங்கிவிடும். சிலருக்கு அது பிறவியிலேயே அமைந்திருக்கும்; மற்றவர்களுக்கு, இரத்தக் குழாய்கள் தசையைத் துளைத்து நுழையும் பலவீனமான இடத்தில் உள்சவ்வு பிதுங்குவதால் பின்னாளில் உருவாகும். இந்தப் பைக்கு டைவர்டிகுலம் என்றும், அதில் வரும் அழற்சிக்கு டைவர்டிகுலைட்டிஸ் என்றும் பெயர். சீக்கத்தில் வரும் இந்த நோயை 1912-இல் போட்டியர் என்பவர் முதன்முதலாக விவரித்தார். பையின் வாயை இறுகிய மலத்துணுக்கு அடைத்தால் உள்ளே கிருமிகள் பெருகும், பை வீங்கும், காய்ச்சல் வரும், இரத்தத்தில் வெள்ளணுக்கள் கூடும். அத்தனையும் குடல்வால் அழற்சியின் அடையாளங்களே.

ஆனால் வலி பயணம் செய்யும் விதத்தில் ஒரு வேறுபாடு உண்டு. நான் எத்தனை முறை படித்தாலும் வியக்கும் இடம் இது. குடலை வெட்டினாலும் சுட்டாலும் அதற்கு வலிக்காது. உப்பி விரிந்தால் வலிக்கும். குடல்வால் ஒரு குறுகிய குழாய். அடைபட்டதும் உப்பத் தொடங்கும். அந்தச் செய்தியைச் சுமக்கும் நரம்புகள் தண்டுவடத்தின் பத்தாவது மார்புக் கண்டத்தில் நுழைகின்றன. தொப்புளைச் சுற்றியுள்ள தோலின் நரம்புகளும் அங்கேதான் வந்து சேர்கின்றன. வாழ்நாள் முழுக்கத் தோலிலிருந்தே செய்தி கேட்டுப் பழகிய மூளை, இதையும் தொப்புளின் வலி என்றே எடுத்துக்கொள்கிறது. சில மணி நேரம் கழித்து அழற்சி வெளியே பரவி, வயிற்றின் உட்சுவரை மூடிய பெரிட்டோனியம் என்ற சவ்வைத் தொடும். அதன் நரம்புகள் இடத்தைத் துல்லியமாகச் சொல்லக்கூடியவை. வலி அப்போது வலது அடிவயிற்றுக்கு ‘நகர்கிறது’. 1889-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் சார்லஸ் மக்பர்னி விரல் நுனியால் அழுத்திக் காட்டிய புள்ளி அதுதான்.

சீக்கத்தின் பையோ சிறியது, உப்புவதற்கு நீளமான குழாய் இல்லை. அழற்சி விரைவிலேயே சுற்றியுள்ள கொழுப்புக்கும் பெரிட்டோனியத்துக்கும் எட்டிவிடுகிறது. ஆகவே பெரும்பாலும் வலி முதலிலிருந்தே வலப்பக்கம் தொடங்கி அங்கேயே நிற்கும். வாந்தியும் குறைவு. ஆயினும் இதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது, விதிவிலக்குகள் ஏராளம்.

முன்பு பலருக்கு வயிற்றைத் திறந்த பிறகே உண்மை தெரிந்தது. வீங்கித் தடித்த சீக்கத்தைப் புற்றுநோய் என்று அஞ்சி, பெருங்குடலின் வலப்பாதியையே அகற்றியதும் உண்டு. இன்று சி.டி. ஸ்கேனில் குடல்வால் இயல்பாகத் தெரிகிறது. அருகே வீங்கிய பையும், அதைச் சுற்றிக் கலங்கிய கொழுப்பும் தெரிகின்றன. ஒரு படம் ஒரு மனிதரின் குடலைக் காப்பாற்றுகிறது என்பது எனக்குப் பெரிய செய்தி.

ஓட்டையோ சீழ்க்கட்டியோ இல்லையென்றால் ஆன்டிபயாடிக் மருந்தும் குடலுக்கு ஓய்வுமே பெரும்பாலோருக்குப் போதும். சீழ் கட்டினால் ஊசிக்குழாய் வழியே வடிக்கலாம். சுவர் கிழிந்து கசிந்தாலோ, மருந்துக்கு அடங்காவிட்டாலோ, புற்றுநோய் என்ற சந்தேகம் நீங்காவிட்டாலோதான் கத்தி. இந்த நோயைப் பற்றிய அறிவில் பெரும்பகுதி, சிறு எண்ணிக்கையிலான நோயாளிகளின் பழைய பதிவுகளிலிருந்து திரட்டியது. ஆசிய மக்களிடம் பெருங்குடலின் வலப்பக்கப் பைகளும், மேலைநாட்டினரிடம் இடப்பக்கப் பைகளும் அதிகம். அப்படியிருக்க, இதற்கான பெரிய ஆய்வுகளுக்கு ஆசிய நாடுகளே நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாசகருக்கு இன்னும் ஒன்று. ஆறு முதல் எட்டு வாரம் கழித்துக் கொலனோஸ்கோப்பி செய்துகொள்ளச் சொல்லியிருப்பார்கள், தவறவிடாதீர்கள். வீக்கத்துக்குள் புற்றுநோய் ஒளிந்திருக்கவில்லை என்று உறுதிசெய்யத்தான் அது. குடலைக் காற்றால் விரித்துப் பார்க்கும் சோதனை என்பதால், அழற்சி ஆறாத சுவர் கிழியக்கூடும். அதற்காகத்தான் இத்தனை வாரக் காத்திருப்பு.