பெயர் தானாக ஏறாது

ஸ்பெயினின் ஒரு சின்ன ஊரிலிருந்து மறுபடியும் ஒரு பிறப்புச் சான்றிதழ். வீட்டில் இரண்டு அம்மாக்கள், சான்றிதழில் ஒருவர்தான். "நாங்கள் சட்டப்படி கல்யாணம் ஆனவர்களாயிற்றே, இன்னொருவர் பெயர் ஏன் இல்லை?" என்ற அதே கேள்வி.

ஸ்பெயினில் ஒருபாலினத் திருமணம் 2005 ஜூலை 3 முதல் செல்லும். குவாதலஹாரா மாகாணத்தின் காம்பில்யோ தே ரானாஸ் என்ற குட்டி மலையூரில் மேயரே முன்வந்து இந்தத் திருமணங்களை நடத்தி வைத்தார். 2020 ஜூனில் மாலகா பக்கம் வில்யானுவேவா தே அல்கைதாஸில் மூன்று பேர் புகார் கொடுத்து நகராட்சியின் வானவில் கொடி இறங்கியபோது, ஊர்மக்கள் வீட்டுக்கு வீடு பால்கனியில் கட்டினார்கள். சின்ன ஊர்கள் இவ்வளவு தூரம் துணை நிற்கின்றன. பிறப்புப் பதிவுப் படிவத்தை நிரப்புவது மட்டும் உங்கள் வேலை.

மனைவி பெற்ற குழந்தைக்குக் கணவனே தகப்பன் என்று சிவில் சட்டத்தின் 116ஆம் பிரிவு தானாக எடுத்துக்கொள்கிறது. கணவனுக்கு மட்டும்தான் அது! பெண்ணுக்குப் பெண் மனைவியானாலும், இருபது வருடம் சேர்ந்து வாழ்ந்தாலும், பெற்றெடுக்காத அம்மா தன் சம்மதத்தை எழுத்தில் கொடுத்தே ஆக வேண்டும். 2023 மார்ச் முதல் கல்யாணமாகாத ஜோடிகளுக்கும் இந்த வழி உண்டு. கையெழுத்து எல்லோருக்கும் வேண்டும்.

பிரசவம் பெரும்பாலும் மாகாணத் தலைநகரத்து மருத்துவமனையில் நடக்கும். அங்கிருந்தே பதிய 72 மணி நேரம். தவறினால் 10 நாளுக்குள் பதிவகத்துக்கு நேரில் போக வேண்டும். படிவத்தில் இரண்டாவது பெற்றோருக்கான இடம் காலியாக இருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். திருமணத்தையும் பிள்ளைகளையும் பதிந்து தந்த குடும்பப் புத்தகத்தை 2021இலிருந்து தருவதில்லை. அதனால் திருமணச் சான்றிதழை ஏழாம் மாதத்திலேயே வாங்கி, இருவரின் அடையாள அட்டையோடு பிரசவப் பையில் வையுங்கள். பிறகு பார்க்கலாம் என்று விட்டவர்களில் சிலர் தத்தெடுப்பு வழக்கு வரை அலைகிறார்கள். அதற்குள் அந்த அம்மாவின் பிறப்பு விடுப்பும் சிக்கலாகிவிடும். அதன் முதல் 6 வாரம் பிரசவத்தை ஒட்டியே எடுக்க வேண்டியது.

கல்யாணம் வேண்டாம் என்பவர்களுக்கு: துணை இறந்தபின் வரும் ஓய்வூதியம் கிடைக்க, இறப்புக்குக் குறைந்தது 2 வருடம் முன்பே ஜோடியாகப் பதிந்திருக்க வேண்டும், 5 வருடம் சேர்ந்து வாழ்ந்ததையும் காட்ட வேண்டும். இருவருக்கும் பொதுவான குழந்தை இருந்தால் அந்த 5 வருடம் கேட்க மாட்டார்கள். அந்தாலூசியா, காஸ்தில்யா-லா மாஞ்சா போன்ற பகுதிகளில் உயில் இல்லாவிட்டால் பதிந்த துணைக்கும் இறந்தவரின் வீட்டில் பங்கில்லை. உயிலுக்கு நோட்டரியிடம் சுமார் 50 யூரோ ஆகும். தயவுசெய்து அடுத்த சந்தை நாளிலேயே போய் எழுதிவிடுங்கள்.