பரிந்துரைக் கடிதத்துக்கு என்னிடம் வராதீர்கள்

போன வாரம் கிளினிக்குக்கு ஒரு தந்தை வந்தார். காய்ச்சல் இல்லை, சளி இல்லை. கையில் டைப் செய்த ஒரு தாள். மகன் இங்கிலாந்தில் மருத்துவம் படிக்க விண்ணப்பிக்கிறானாம். கடிதத்தை அவர்களே எழுதிவிட்டார்கள். "ஒரு கையெழுத்து, ஒரு சீல், அவ்வளவுதான் டாக்டர்." அந்தத் தாளின்படி நான் அந்தப் பையனைப் பல ஆண்டுகளாக நெருக்கமாக அறிந்தவன். நிஜத்தில் அவனைக் கடைசியாகப் பார்த்தது சின்னம்மை வந்தபோது.

வருடா வருடம் ஆகஸ்ட், செப்டம்பரில் இது நடக்கிறது. முடியாது என்றால் வருத்தம், சிலருக்குக் கோபம்.

நம் மொரீஷியஸ் குடும்பங்களில், கடிதம் என்றால் கீழே யார் பெயர் இருக்கிறது என்பதுதான் எல்லாம் என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. ஸ்பெஷலிஸ்ட், ஓய்வுபெற்ற டைரக்டர், முன்னாள் மந்திரி, கோயில் சங்கத் தலைவர். ஐயா, இங்கிலாந்தின் லீட்ஸில் உட்கார்ந்து விண்ணப்பம் படிப்பவருக்கு போர்ட் லூயிஸில் யார் பெரிய ஆள் என்று எப்படித் தெரியும்? தெரிந்தாலும் அவருக்கென்ன? எழுதியவர் இந்தப் பிள்ளையை எங்கே, எவ்வளவு காலம், என்ன செய்யும்போது பார்த்தார் என்றுதான் அவர் தேடுவார். அது இல்லாத கடிதத்தில் "நல்ல குடும்பம், ஒழுக்கமானவன், கடின உழைப்பாளி" மட்டும்தான் மிஞ்சும். பெரியவர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். படிப்பவருக்கோ, இவனை அறிந்த ஓர் ஆசிரியர்கூடக் கிடைக்கவில்லையா என்ற சந்தேகம் வரும். பெரிய பெயர் உதவாததோடு, கெடுக்கவும் செய்யும்.

இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களுக்கு யூகாஸ் (UCAS) என்ற பொது விண்ணப்ப அமைப்பு வழியாகப் போகும் பரிந்துரை ஒன்றே ஒன்று. எல்லாம் ஆன்லைன், சீலுக்கு இடமே கிடையாது. 2024 சேர்க்கையிலிருந்து அதில் மூன்று பகுதிகள்: பள்ளியைப் பற்றி, மாணவரின் படிப்பைப் பாதித்த சூழ்நிலை ஏதும் இருந்தால் அதைப் பற்றி, அப்புறம் மாணவரைப் பற்றி. நம் பள்ளி இறுதித் தேர்வான எச்.எஸ்.சி.யில் எதிர்பார்க்கும் கிரேடையும் பள்ளிதான் தர வேண்டும். முதல் பகுதியில் நான் என்ன எழுத, என் கிளினிக்கில் ஏசி இருக்கிறது என்றா? குடும்பத்தாரும் நண்பர்களும் எழுதக் கூடாது என்பதும் யூகாஸ் விதி. ஆக டாக்டர் மாமாவும் கிடையாது. டியூஷன் போகாத பிள்ளை நம் தீவில் அபூர்வம். பல பிள்ளைகளை டியூஷன் சாருக்குத்தான் நன்றாகத் தெரியும், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பள்ளியில் படிப்பவருக்குப் பள்ளி ஆசிரியர்தான் எழுத வேண்டும். "அந்த மிஸ் சும்மா டீச்சர்தானே" என்று பெற்றோர் சொல்லும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. லேபில் உங்கள் பிள்ளையின் பக்கத்தில் நின்றவர் அந்த மிஸ்தான்.

பட்டம் முடித்து அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கு முயல்பவர்களுக்கு: பல கல்லூரிகள் கேட்பது, உங்களுக்குப் பாடம் எடுத்த அறிவியல் பேராசிரியர் இருவர், வேறு துறையில் ஒருவர். அங்குள்ள மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்ப அமைப்பான ஆம்காஸில் (AMCAS) பத்துக் கடிதம்வரை ஏற்கிறார்கள் என்பதற்காகப் பத்துப் பேரைத் துரத்தாதீர்கள். கடிதத்தைப் படித்துப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று கேட்டால் விட்டுக்கொடுத்துவிடுங்கள். மாணவர் பார்க்கப்போகும் கடிதத்துக்கு மதிப்புக் குறைவு.

டாக்டரிடம் கேட்கவே கூடாதா? கூட இருந்து பார்த்தவராக இருந்தால் கேட்கலாம், அதுவும் ஒன்றுக்கு மேல் கடிதம் ஏற்கும் இடங்களில், கூடுதல் கடிதமாக. விடுமுறையில் என் கிளினிக்குக்கு வந்துகொண்டிருந்த ஒரு மாணவி, சர்க்கரை நோயுள்ள ஒரு பாட்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "மாத்திரையை எடுத்துக் காட்டுங்க பாட்டி" என்றாள். கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலம் வந்தது. எல்லாம் பாதி பாதியாக உடைத்த மாத்திரைகள்! அடுத்த தடவை வரும்வரை போதட்டும் என்று பாட்டி சிக்கனம் பிடித்திருக்கிறார். என்னிடம் மூச்சு விடவில்லை. அவளுக்கான கடிதத்தில் இதை அப்படியே எழுதினேன். "கடின உழைப்பாளி" என்று எழுத வேண்டிய தேவையே வரவில்லை.

பிள்ளைகளே, கடிதம் கேட்க அப்பாவை அனுப்பாதீர்கள், நீங்களே போங்கள். "எனக்காக நல்ல கடிதம் எழுத முடியுமா?" என்று நேராகக் கேளுங்கள். தயங்கினாலோ, "நீயே எழுதிக்கொண்டு வா" என்றாலோ நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போங்கள். மருத்துவத்துக்கு யூகாஸ் கடைசி நாள் அக்டோபர் 15. இங்கே அது எச்.எஸ்.சி. தேர்வுக் காலம், ஆசிரியருக்கு மூச்சு விட நேரமிருக்காது. ஜூலையிலேயே கேட்டு, மதிப்பெண்கள், நீங்கள் எழுதிய தன்விளக்கம், கடைசித் தேதி எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் கொடுத்துவிடுங்கள். செப்டம்பரில் ஒருமுறை ஞாபகப்படுத்தினால் போதும். தினமும் வாட்ஸ்அப்பில் "மிஸ், முடிஞ்சுதா?" வேண்டாம், தயவுசெய்து.